ஆழ்ந்த பல் சுத்திகரிப்பு: ஈறு நோய்க்கான முதற்கட்டச் சிகிச்சை

ஈறு நோய் பெரும்பாலும் வலியின்றியே முற்றுகிறது. பல் துலக்கும்போது இரத்தம் கசிதல், ஈறு சிவந்து வீங்குதல், தொடர்ந்து வாய் நாற்றம், ஈறு கீழிறங்கிப் பல் நீண்டு தோன்றுதல், பல் ஆடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் ஏதேனும் இருந்தால், வலி வரும்வரை காத்திராமல் பல் மருத்துவரை அணுகுங்கள்.

நோய் எவ்வாறு உருவாகிறது?

பற்களின் மேல் நாள்தோறும் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் படிகிறது. அதை முறையாக அகற்றாவிட்டால் அது உமிழ்நீரிலுள்ள தாதுக்களுடன் சேர்ந்து கடினமான காரையாக மாறுகிறது. காரையைத் துலக்கி நீக்க இயலாது.

தொடக்கநிலையில் ஈறு மட்டுமே பாதிக்கப்படுகிறது. இந்நிலையை முழுமையாகக் குணப்படுத்தலாம். நோய் முற்றும்போது ஈறு பல்லிலிருந்து விலகி, இடையே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்குகிறது. கரைந்த எலும்பு பொதுவாகத் தானாக மீண்டும் வளர்வதில்லை. எனவே, எஞ்சியுள்ள எலும்பைக் காப்பதே சிகிச்சையின் முதன்மை நோக்கம்.

யாருக்கு இச்சிகிச்சை தேவை?

மருத்துவர் மில்லிமீட்டர் அளவு குறிக்கப்பட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பள்ளத்தின் ஆழத்தை அளப்பார். நலமான ஈறில் இது 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழம் இருந்து, எலும்பு இழப்பும் காணப்பட்டால் ஆழ்ந்த சுத்திகரிப்பு பரிந்துரைக்கப்படலாம். எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரே எடுக்கப்படும்.

வழக்கமான பல் சுத்தம் பெரும்பாலும் ஈறுக்கு மேலே தெரியும் பகுதியில் செய்யப்படுகிறது. ஆழ்ந்த சுத்திகரிப்பிலோ ஈறுக்குக் கீழே, பல்லின் வேர்ப்பரப்பில் ஒட்டியுள்ள காரையும் கிருமிப் படலமும் அகற்றப்படுகின்றன.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

ஊசி மூலம் அவ்விடம் மரத்துப்போகச் செய்யப்படும். பின்னர் அதிர்வுக் கருவியாலும் கைக்கருவிகளாலும் காரை நீக்கப்பட்டு, வேர்ப்பரப்பு சீராக்கப்படும். தையல் தேவைப்படுவதில்லை. பொதுவாக வாயின் ஒரு பாதி அல்லது கால் பகுதி வீதம், இரண்டு முதல் நான்கு அமர்வுகளில் சிகிச்சை முடிக்கப்படும்.

மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டியவை

- நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், மருந்து ஒவ்வாமை
- செயற்கை இதய வால்வு அல்லது முன்பு ஏற்பட்ட இதய உள்ளுறை அழற்சி. இவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் நோய் எதிர் மருந்து தேவைப்படும்
- இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள்; இவற்றை நீங்களாக நிறுத்துவது ஆபத்தானது
- கருவுற்றிருத்தல், இக்காலத்திலும் சிகிச்சை பெறலாம், 4 முதல் 6 வரையிலான மாதங்கள் மிகவும் வசதியானவை

சுத்தம் செய்தால் பல் ஆடுமா? இடைவெளி விழுமா?

இவ்வச்சத்தால் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, இறுதியில் பற்களை இழக்கின்றனர். ஈறு விலகி எலும்பு குறைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கிறது. காரை நீங்கியதும், ஏற்கெனவே இருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளிப்படுகின்றன. வீங்கிய ஈறு வற்றுவதாலும் இடைவெளி சற்றுப் பெரிதாகத் தோன்றும். அழற்சி தணியும்போது பல பற்களில் ஆட்டம் குறைவதும் உண்டு.

சிகிச்சைக்குப் பின்

- மரப்பு நீங்கும்வரை உணவு உண்ணாதீர்கள்; உதட்டையோ கன்னத்தையோ அறியாமல் கடித்துவிட நேரலாம்.
- ஓரிரு நாள் லேசான வலியும் கசிவும் இருக்கலாம். பற்கூச்சம் சில வாரங்கள் நீடிக்கலாம். கூச்சம் குறைக்கும் பற்பசை உதவும்.
- மென்மையான தூரிகையால் நாள்தோறும் இருமுறை துலக்குங்கள். பல்லிடைத் தூரிகையாலோ நூலாலோ பல்லிடுக்குகளைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.
- குளோர்ஹெக்சிடின் வாய்க் கழுவி பரிந்துரைக்கப்பட்டால், சொல்லப்பட்ட நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீண்ட காலப் பயன்பாடு பற்களில் கறை ஏற்படுத்தும்.
- புகையிலை காயம் ஆறுவதைத் தடுக்கும். அது ஈறில் இரத்தக்கசிவைக் குறைத்து நோயை மறைக்கவும் செய்யும். அதைக் கைவிட 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.

இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, வீக்கம், சீழ், காய்ச்சல் ஏற்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முகம் அல்லது கழுத்து வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஈறு நோய் விரைந்து முற்றுகிறது. ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் கடினமாக்குகிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் நீரிழிவு மருந்துகளைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

பராமரிப்பாளர்களுக்கு

முதியவராலோ கைநடுக்கம், பக்கவாதம் உள்ளவராலோ தாமே நன்கு துலக்க இயலாமல் போகலாம். கைப்பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். தேவையெனில் அவரை நிமிர்ந்து அமரச் செய்து நீங்களே துலக்கி விடுங்கள். இரத்தம் கசிகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள், மென்மையாகத் தொடருங்கள்.

தொடர் கவனிப்பு

சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் பள்ளங்களின் ஆழம் மீண்டும் அளக்கப்படும். ஆழம் குறையாத இடங்களில் மறு சுத்திகரிப்போ ஈறு அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம். அதன்பின், பலருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் அவசியம். ஈறு நோயைக் கட்டுக்குள் வைக்க முடியும். ஆனால் கவனிப்பு நின்றால் அது திரும்பும்.

அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், பல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளிலும் இதற்கான ஆலோசனையைப் பெறுங்கள். இத்தகவல் பொது அறிதலுக்கானது. உங்களுக்குரிய சிகிச்சையைப் பல் மருத்துவரே முடிவு செய்வார்.