தோல் வணிகர் ஜமால் முகமது

வட அமெரிக்கக் காடுகளில் பீவர் முதலிய விலங்குகளின் மென்மயிர்த் தோலைத் திரட்டி இலண்டன் ஏலத்தில் விற்றுப் பெரும்பொருள் ஈட்டியது, 1670-இல் அரசப் பட்டயம் பெற்ற ஹட்சன் பே கும்பினி. அக்கும்பினிக்காக ஓடம் வலித்துப் பனியில் அலைந்த வணிகர்களைப் பற்றி நூல்கள் பல உள்ளன. அதே இலண்டன் சந்தைக்கு நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தோல் சென்றது. அதை அனுப்பிய தமிழ் வணிகரைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. அவர்களுள் ஒருவர் ஈட்டிய செல்வம், நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத்து வரையில் வந்து ஒரு பணியாற்றியது என்பதனால், அவர் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

மயிரோடு பதனிட்டாலும் மயிர் களைந்து பதனிட்டாலும் தமிழில் இரண்டும் தோல்தான். சங்கப் புலவர்கள் கேடயத்தைத் தோல் என்றனர். செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றுக்கும் தொல்காப்பியர் தோல் என்றே பெயரிட்டார். இத்துணைப் பெருமை வாய்ந்த சொல்லுக்குரிய தொழிலை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்தோம் என்பது வேறு கதை.

சென்னை மாகாணத்துத் தோலுக்கு உலகச் சந்தையில் மதிப்புத் தேடித் தந்தது நம் புன்செய்க் காடுகளில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியே. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிரும் சதையும் வழித்து, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்கில் கிடத்துவர். அதன்பின் கடுக்காய் நீர். இறுதியில் எண்ணெய்ப் பூச்சு. இவ்வாறு பாதி பதனிட்ட தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரோடு கப்பலேறி, சீமையில் மெருகேறிச் செருப்பாகவும் பையாகவும் மாறும். 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் புகுத்த முயன்ற பின்னரும் நெடுங்காலம் ஆவாரம்பட்டையே ஆட்சி புரிந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அப்புது முறை விட்டுச் சென்ற சுவடு.

இவ்வணிகத்தின் நடுவிடம் சென்னைப் பெரியமேடு. அங்குள்ள தோல் மண்டிகளில் தலைநின்ற பெயர்களுள் ஒன்று ஜமால் குடும்பத்தாருடையது. தந்தையார் ஜமால் முகைதீன் இராவுத்தர் பெரம்பூரில் ஜமாலியா அரபிக் கல்லூரியை நிறுவியவர். மகன் ஜமால் முகமது வணிகத்தையும் வள்ளன்மையையும் ஒருங்கே பெற்றார்.

அது நிலையான வணிகமன்று. முதல் உலகப் போரில் படைவீரரின் காலணிக்காகச் சென்னைத் தோலை அரசே வாங்கிக்கொண்டது. போர் ஓய்ந்ததும் அத்தேவையும் ஓய்ந்தது. 1919-இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்குப் பதினைந்து வரி விதித்த அரசு, பிரித்தானியப் பேரரசுக்குள் சென்று பதனிடப்படும் தோலுக்கு அவ்வரியில் மூன்றில் இரு பங்கைத் தள்ளுபடி செய்தது. உள்நாட்டுத் தோல் சாலைகளைக் காக்க வந்த வரி என்றார்கள். காவல் யாருக்கு என்பது அத்தள்ளுபடியிலேயே தெரிந்துவிடுகிறது. விலை சொல்பவன் இலண்டனில் இருந்தான்; கூலி கொடுக்க வேண்டியவன் பெரியமேட்டில் இருந்தான்.

இத்தகைய வருவாயைக் கொண்டுதான் ஜமால் முகமது, தென்னிந்திய முசுலிம் கல்விச் சங்கத்தின் வழியே சென்னையில் ஒரு சொற்பொழிவு வரிசைக்குப் பொருளுதவி செய்தார். 1925-இல் சையது சுலைமான் நத்வி வந்து நபிகள் நாயகத்தின் வாழ்வு பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1927-இல் மார்மடியூக் பிக்தால் பேசினார். இவர் ஆங்கிலேயர், இசுலாத்தைத் தழுவியவர், அக்காலத்தில் நம் ஐதராபாத்துச் சாதர்காட்டு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். 1929 ஜனவரியில் கவிஞர் முகம்மது இக்பால் சென்னைக்கு வந்து மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அங்கிருந்து பெங்களூர், மைசூர் சென்று, சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அடக்கத்தலம் கண்டு, பின்னர் ஐதராபாத்து வந்து அவ்வுரைகளை மீண்டும் ஆற்றினார். சென்னைக்கென எழுதப்பட்ட உரைகளை அதே மாதத்தில் நிசாமின் தலைநகரமும் கேட்டது.

சனத்நகரில் வாழும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் தொழிற்சாலைச் சங்கொலி கேட்டு வந்தவை. சென்னைக்கும் இந்நகருக்கும் இடையே நாம் வந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

1931-இல் இலண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்கு ஜமால் முகமதும் பேராளராய்ச் சென்றார். மாநாடு நடந்துகொண்டிருந்த செப்டம்பர் 21-இல் பிரித்தானியப் பவுன் பொன்னோடு கொண்ட பிணைப்பை அறுத்துக்கொண்டது. உலகப் பொருளாதார மந்தம் எல்லாச் சரக்கின் விலையையும் வீழ்த்தியிருந்த காலம். தோல் மட்டும் எப்படித் தப்பும்?

வள்ளலைப் புகழும்போது மற்றொன்றையும் மறைக்க இயலாது. சுண்ணாம்புக் குழியில் முழங்கால் அளவு நின்று கைவெந்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். சென்னை மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுக்கு அவர்கள் உழைப்பும் ஒரு பங்கு செலுத்தியது. பின்னாளில் பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996-இல் தீர்ப்பானது. அத்தொழிலின் கணக்கேட்டில் இதுவும் எழுதப்பட வேண்டிய வரியே.

திருச்சிராப்பள்ளியில் 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. காஜாமியான் இராவுத்தரும் அதன் நிறுவனர். இக்பாலின் உரைகளோ 1930-இல் ஆங்கில நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவின. அந்நூலின் முன்னுரையில் மதராஸ் முசுலிம் சங்கத்தின் வேண்டுகோள் சொல்லப்பட்டிருக்கிறது. மதராஸ், ஐதராபாத்து, அலிகார் என்று மூன்று ஊர்களின் பெயர்களும் உள்ளன. தோல் வணிகரின் பெயர் அங்கே இல்லை.