'ஆம்' ஈறும் மூன்று தளபதிகளும்

1970களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில், நாசாவின் நிதியுதவியுடன் விமானக் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. ஒன்று பழுதானாலும் மற்றவை ஒத்த முடிவெடுக்க வேண்டும். மூன்று கணினிகள் போதும் என்றே எவருக்கும் தோன்றும். போதா என்று பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரும் 1980இல் நிறுவினர்.

பழுதான கணினி வாளாவிருப்பதில்லை. ஆளுக்கொரு செய்தி சொல்லும். 1982இல் அவர்கள் கையாண்ட உவமையில் அது துரோகியாகிறது. 'தாக்கு' என்கிறார் தளபதி. 'எனக்குப் பின்வாங்கச் சொன்னாராம்' என்று மற்றொரு துணைத்தளபதியிடமிருந்து செய்தி வருகிறது. பொய்யர் யார்? கேட்பவரால் பிரித்தறிய இயலாது. ஒரு துரோகிக்கு எதிராக மொத்தம் நால்வர் வேண்டும்; பொதுவில், துரோகிகளின் மும்மடங்கினும் ஒருவர் கூடுதல்.

மொழியியல் பயின்ற எனக்கு அந்த 'ஆம்' ஈற்றிலேயே கண் நிற்கிறது. போலி செய்யவியலாத கையொப்பம் இருந்தால் பிறர் கூற்று நேர்மேற்கோளாகிவிடும், மூவரே போதும். முரணான ஈராணைகளில் கையொப்பமிட்ட தளபதி தானே அகப்படுவார்.

லாம்போர்ட் முதலில் எண்ணியது 'அல்பேனியத் தளபதிகள்'. அல்பேனியர் மனம் புண்படலாம் என்று ஜாக் கோல்ட்பர்க் எடுத்துரைக்க, பழி பைசாந்தியர்மேல் விழுந்தது. அவர்களோ தம்மை உரோமர் என்றே அழைத்துக்கொண்டவர்கள்.