தறையாணியை ஓய்வுபெறச் செய்தது எது?
பாம்பன்–தலைமன்னார் பாதையை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

உருக்குக் கட்டுமான இணைப்புகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நூலின் நிழலில் நின்றே எழுதுகிறார்கள். போல்ட், தறையாணி இணைப்புகளின் வடிவமைப்புக்கு வழிகாட்டியாக ஃபிஷரும் ஸ்ட்ரைக்கும் 1974இல் வெளியிட்ட நூல் அது. 1987இல் குலாக்கும் சேர்ந்துகொள்ள இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் தொடக்க அத்தியாயத்திலுள்ள சிறிய வரலாற்றுக் குறிப்பே இன்றுவரை பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பழுக்கக் காய்ச்சி அடித்த தறையாணி ஆறிச் சுருங்கும்போது தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்த இறுக்கம் ஆணிக்கு ஆணி மாறும், நம்ப முடியாது. 1934இல் பாத்தோவும் பேட்மனும் உயர்வலு போல்டுகளைப் போதிய அளவு முறுக்கினால் தட்டுகள் வழுக்காது என்று பிரித்தானியாவில் காட்டினார்கள். 1938இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்சனும் தோமசும் களைப்புச் சோதனையில் அத்தகைய போல்ட், நன்றாக அடித்த தறையாணிக்குச் சளைத்ததல்ல என்று கண்டார்கள். 1947இல் இத்தகைய இணைப்புகளுக்கான ஆய்வுப் பேரவை, 1951இல் முதல் விதிமுறை. தறையாணியின் கதை அத்தோடு முடிகிறது.

இந்த வாசிப்பில் ஆண்டுகள் சரி. காரணம்தான் சரியில்லை என்பது என் கட்சி.

நூலாசிரியர்கள் மூவரும் பரிசோதனைக்கூடத்து மனிதர்கள். அதனால் வரலாறும் பரிசோதனைக்கூடத்தில் தொடங்கியதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தட்டுகளுக்கிடையிலான உராய்வு 1934இல் கண்டுபிடித்த சங்கதி அல்ல. மெனாய் நீரிணைக்குக் குறுக்கே பிரித்தானியா பாலத்தைக் கட்டியபோது அங்கே பொறுப்பிலிருந்த எட்வின் கிளார்க், தறையாணி சுருங்குவதால் எழும் உராய்வே வழக்கமான சுமையைத் தாங்கப் போதும் என்பதைச் சோதித்தறிந்து 1850இல் நூலாகவே எழுதிவிட்டார். அப்படியிருந்தும் அடுத்த எண்பது வருடங்கள் பொறியியலாளர்கள் உராய்வைக் கணக்கில் எடுக்காமல், ஆணி துண்டிக்கப்படும் வலுவையும் துளை நசுங்கும் வலுவையும் மட்டுமே கணக்கிட்டார்கள். உராய்வைப் பற்றிய அறியாமை இதற்குக் காரணமாக முடியாது. ஆணியை அடித்தவனின் கையை மேற்பார்வையாளர் கணக்கில் கொண்டுவர முடியாதிருந்ததுதான் காரணம்.

கையைப் பற்றிய இந்த ஐயத்துக்கு நீண்ட வயது உண்டு. மான்செஸ்டரில் வில்லியம் ஃபேர்பேர்னின் கொதிகலன் பட்டறைத் தொழிலாளர் 1837 அளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பதிலாக அவர் தறையாணி அடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். முழுத் தட்டின் வலு 100 என்றால் இரட்டை வரிசைத் தறையாணி இணைப்பு 70, ஒற்றை வரிசை 56 என்று அவர் தந்த விகிதம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. பலரும் அந்த எண்களை நினைவில் வைத்தார்கள், வேலைநிறுத்தத்தை மறந்தார்கள். இணைப்பு பட்டறைக்குள் இயந்திரத்தால் ஆகிறதா, வெளியே கையால் ஆகிறதா என்ற பிரிவு அங்கேயே விழுந்துவிட்டது.

அந்தப் பிரிவின் தடம் இந்திய நியமமான ஐஎஸ் 800இல் இருக்கிறது. பாம்பன் இந்திய ரயில்வேயின் பாலம். போருக்குப் பின் இலங்கையின் வடக்குப் புகையிரதப் பாதையை மீளக் கட்டியதும் இந்திய நிறுவனமான இர்கான். ஆகவே பிரித்தானிய நியமங்களில் பழகிய நமக்கும் இந்த நியமம் அயலானதல்ல. அதன் 1984ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள ஒரு சிறிய அட்டவணையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இயந்திரத்தால் அடித்த தறையாணிக்கு அனுமதிக்கப்பட்ட துண்டிப்புத் தகைவு 100 மெகாபாஸ்கல், நசுங்கல் தகைவு 300. கையால் அடித்ததற்கு 80, 250. கடைந்து துல்லியமாகப் பொருத்திய போல்டுக்கு 100, 300. தளர்ந்த துளையில் போடும் சாதாரண போல்டுக்கு 80, 250.

முதல் வரியின் எண்களே மூன்றாம் வரியில்; இரண்டாம் வரியின் எண்களே நான்காம் வரியில். தறையாணி, போல்ட் என்ற பிரிவை இந்த எண்கள் பொருட்படுத்தவே இல்லை. கையால் அடித்தாலும் இயந்திரத்தால் அடித்தாலும் ஆணி உருக்கு ஒன்றுதான். வேறுபடுவது துளை எவ்வளவு நிறைகிறது என்பது. ஒழுங்காக நிறைந்த துளைக்கு 100, நிறையாததற்கு 80. பட்டறையில் அடிக்காமல் வேலைத்தளத்தில் அடித்த தறையாணிக்கு மேலும் 10 சதவீதம் வெட்டு என்று அக்காலப் பாடநூல்கள் சொல்கின்றன. உலோகத்தின் வலுவோடு ஒரு தொழிற்பிரிவினையையும் அட்டவணை எழுதிவைத்திருக்கிறது என்று படிப்பதில் பிழையில்லை.

2007ஆம் ஆண்டுப் பதிப்பில் கணக்கு முறையே மாறிவிட்டது. அதன் ஐந்தாம் அட்டவணை பட்டறை வேலைக்கும் வேலைத்தள வேலைக்கும் பாதுகாப்புக் காரணியைத் தனித்தனி நிரலில் தருகிறது. போல்டுக்கு இரண்டிலும் 1.25. வெல்டிங்குக்குப் பட்டறையில் 1.25, வேலைத்தளத்தில் 1.50. தறையாணிக்கு? இரண்டிலும் 1.25. வேலைத்தளத்தில் தறையாணி அடிக்க ஆளே கிடைக்காத காலத்தில் அதற்கிருந்த தண்டனை நீங்கிவிட்டது! இதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. முன்பு வேலைத்தளத்துத் தறையாணிமேல் இருந்த சந்தேகம் இப்போது வேலைத்தளத்து வெல்டிங்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 410 மெகாபாஸ்கல் உருக்கில் 6 மில்லிமீற்றர் கோண வெல்டிங் ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குப் பட்டறையில் ஏறத்தாழ 795 நியூற்றன் தாங்கும் என்று கணக்கிட்டால், அதே வெல்டிங்கை வெயிலிலும் காற்றிலும் போட்டால் 663தான். ஆள் மாறவில்லை, வெல்டிங் கம்பியும் மாறவில்லை, இடம் மாறிவிட்டது.

உராய்வு போல்டும் கையின் பிடியிலிருந்து தப்பவில்லை என்பதை ஃபிஷர் தரப்பு வாசிப்பு போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை. அதே 2007ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 8.8 தரத்து 20 மில்லிமீற்றர் போல்டைச் சாதாரண போல்டாகக் கணக்கிட்டால், மரைப் பகுதி துண்டிக்கப்படும் நிலையில் அது சுமார் 90 கிலோநியூற்றன் தாங்கும். உராய்வு இணைப்பாக முறுக்கினால், ஊதித் துப்புரவாக்கிய தட்டில் உராய்வுக் குணகம் 0.50, அப்போது சுமார் 55. துப்புரவாக்காத தட்டில் 0.20, அப்போது 22. துத்தநாக முலாம் பூசிய தட்டில் 0.10, வெறும் 11. மன்னார் உப்புக்காற்றுக்கு முலாம் வேண்டும் என்று கேட்கிற எவரும் முதலில் பார்க்க வேண்டிய எண் இந்தப் 11.

இனி பாம்பன். தென்னிந்திய ரயில்வே கட்டி 1914 பெப்ரவரி 24இல் திறந்த பாலம் தறையாணிப் பாலம். இக்கரையில் மதவாச்சி–தலைமன்னார் பாதையும் அதே ஆண்டில் வந்தது. 1964 டிசம்பர் 22–23 இரவுப் புயலில் 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. மீனவர்கள் அவை கிடந்த இடங்களைக் காட்ட, பொறியியலாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் அவற்றைத் தூக்கி மறுபடி ஏற்றி 46 நாட்களில் பாலத்தை ஓட விட்டார்கள். மீட்புச் சாதனையாக இது நிறையப் பேசப்பட்டாயிற்று. இணைப்பின் வரலாற்றுக்கு இதில் வேறொரு சாட்சியம் கிடக்கிறது: கர்டருக்கும் தூணுக்கும் இடையிலான பிடிதான் அன்று தோற்றது. கர்டரின் உள்ளே தட்டையும் கோண இரும்பையும் பிணைத்திருந்த தறையாணிகள் கடலடியில் கிடந்து எழுந்தும் மறுபடி ரயிலைச் சுமந்தன. நாற்பது அடிக் கர்டரை முழுதாகவே பட்டறையில் பிணைத்து அனுப்பலாம். ஆகவே அவை பட்டறைத் தறையாணிகள், இயந்திரம் அடித்தவை என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் சோதனைக்கூடம் தந்த எந்த எண்ணைவிடவும் இந்தச் சாட்சியம் கனமானது. தறையாணியின் இறுக்கம் நம்பத்தகாதது என்ற தீர்ப்புக்கு முன் இதையும் கேட்டிருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாம்பன் பாலம், 72.5 மீற்றர் தூக்குப்பகுதியோடு, முழுக்க வெல்டிங் இணைப்புகளாலானது என்று இந்திய அரசின் அறிவிப்பு சொல்கிறது. தறையாணியிலிருந்து நேரே வெல்டிங்குக்குத் தாவியது போல இது தோற்றம் தரலாம். உண்மையில் எந்த ஒரு வருடத்தையும் தாவிய வருடமாகக் குறிக்க முடியாது. 1928இலேயே போலந்தின் மவுர்ஜிட்சேயில் வெல்டிங் வீதிப்பாலம் கட்டியாயிற்று. 1938இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட்டில் வெல்டிங் பாலம் முறிந்து விழுந்ததும் உண்டு. இந்தியப் புகையிரதப் பாலங்களில் தறையாணியும் உராய்வு போல்டும் வெல்டிங்கும் பல்லாண்டுகள் ஒன்றாகவே புழங்கின.

வன்னியில் இந்தப் பிரிவினையைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூவரசங்குளத்தைக் கடந்து மன்னார் வீதியில் போகிறவர் எந்தக் கூரை வேலையிலும் இதைக் காண்பார். சட்டங்களை வெல்டிங் கடையில் நிலத்தில் கிடத்திப் பொருத்தி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்து, தூணின் தலையில் நான்கு போல்டால் முடுக்குவார்கள். நூல் படித்து வந்த வழக்கமல்ல. ஆனால் துளை பொருந்தாதபோது வெல்டிங் கம்பியாலேயே இரும்பை உருக்கித் துளையைப் பெருப்பிக்கிறார்களே, அந்த இடத்தில் 80 என்ற எண்ணுக்குக்கூட அருகதை இல்லாமல் போகிறது.

போரில் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. மிச்சமான பாலத்து இரும்பும் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. செட்டிகுளம் வழியாகத் தலைமன்னாருக்கு 2015இல் மீண்டும் ரயில் வந்தது. 1914இன் இரும்போ அநேகமாகப் போய்விட்டது. எஞ்சியதில் ஒரு துண்டாவது யாருடைய காணியிலாவது கிடந்தால், விற்பதற்கு முன் தறையாணி ஒன்றைக் குறுக்கே அறுத்து, துளை நிறைந்திருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியற் பீடத்துக்குக் கொடுங்கள். பாம்பன் தறையாணிகளைப் பற்றிய என் ஊகத்தை அந்த ஒரு வெட்டுமுகம் தீர்த்துவைக்காது; ஆனால் அதே காலத்துச் சாட்சியம் ஒன்றாவது கையில் இருக்கும்.