முள்ளெலியும் ஆங்கிலேயத் தோட்டமும்

ஐரோப்பிய முள்ளெலி இரவில் இரைதேடும் சிறு பாலூட்டி. வளர்ந்த ஒன்றின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. முதுகில் 5000க்கும் மேற்பட்ட முட்கள் உண்டு. ஆபத்து நெருங்கினால் தலையையும் கால்களையும் உள்ளிழுத்து, முட்கள் மட்டுமே வெளியே தெரியும்படி சுருண்டுகொள்ளும். பெயரில் எலி இருந்தாலும் இது எலியினம் அல்ல, மூஞ்சூறுக்கு உறவு. முள்ளம்பன்றிதான் எலி, அணில் போன்ற கொறிவிலங்குகளின் வகையைச் சேர்ந்தது. முள்ளெலி வண்டு, மண்புழு, கம்பளிப்புழு, ஓடில்லா நத்தை ஆகியவற்றைத் தின்று வாழ்கிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வறண்ட புதர்நிலங்களில் வாழும் முள்ளெலி இதே குடும்பத்தின் வேறோர் இனம். அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் குழந்தைகளின் இருமலுக்குக் கொடுக்கும் நாட்டு வழக்கம் அங்கே உண்டு.

மனிதன் இந்த விலங்கைப் பயன்படுத்திய வரலாறு மிகப் பழையது. பண்டைய எகிப்தியர் முள்ளெலி வடிவில் தாயத்துகளும் சிறு குப்பிகளும் செய்தனர். ரோமாபுரியில் அதன் முட்தோல் துணியைச் சீவி மெருகேற்றும் கருவியாக இருந்தது. அந்தத் தோல் வணிகத்தைச் சிலர் தம் கைக்குள் வைத்துக்கொண்டு கொள்ளை லாபம் அடித்ததையும், அதைத் தடுக்க செனட் சபை அடிக்கடி ஆணையிட்டதையும் முதல் நூற்றாண்டு அறிஞர் பிளினி பதிவுசெய்திருக்கிறார். முள்ளெலி உதிர்ந்த ஆப்பிள்களின் மேல் உருண்டு, முட்களில் குத்திக்கொண்டு வளைக்குச் செல்லும் என்று எழுதியவரும் அவரே. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர அறிஞர் இசிதோர் இந்தக் கதையைத் திராட்சைக்கு மாற்றிச் சொன்னார். இடைக்கால ஐரோப்பிய விலங்கு நூல்களின் ஓவியங்களில் முள்ளெலி முதுகு நிறையப் பழங்களுடன் நிற்கிறது. பூச்சி தின்னும் விலங்குக்குப் பழத்தைச் சுமந்து சேமிக்கத் தேவையே இல்லை. ஆனாலும் தோட்டத்துத் திருடன் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் அந்தக் கெட்ட பெயர் சட்டமாகவே மாறியது. மக்கள்தொகை பெருகி, விளைச்சல் பொய்த்துத் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்த டியூடர் மன்னர்களின் காலத்தில், எட்டாம் ஹென்றி 1532இல் காகங்களை ஒழிக்கச் சட்டம் இயற்றினார். முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், 1566இல் வந்த தானியப் பாதுகாப்புச் சட்டம் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலை நீட்டியது. நரியின் தலைக்கு 12 பென்ஸ், மரநாய் வகைச் சிறு வேட்டை விலங்குகளுக்கு ஒரு பென்னி, முள்ளெலிக்கு 2 பென்ஸ் எனச் சன்மானம் குறிக்கப்பட்டது. ஒவ்வொரு ஊரிலும் தேவாலயப் பொறுப்பாளர்கள் தலைகளை எண்ணி வாங்கிக்கொண்டு, ஊர்வரிப் பணத்திலிருந்து காசு கொடுத்தனர். பிறகு அந்தத் தலைகள் எரிக்கப்பட்டன அல்லது வெட்டிச் சிதைக்கப்பட்டன.

தானியமே தின்னாத விலங்கு தானியப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றதற்குக் காரணம் பால். இரவில் புல்வெளியில் படுத்திருக்கும் பசுக்களின் மடியில் முள்ளெலி வாய்வைத்துப் பாலைக் குடித்துவிடுகிறது என்று குடியானவர்கள் உறுதியாக நம்பினர். மாடு மேயும் குட்டைப்புல் நிலத்தில் சாண வண்டுகளும் மண்புழுக்களும் மிகுதி. முள்ளெலி அவற்றைத் தேடித்தான் மாடுகளுக்கு அருகே வந்தது. காலையில் பால் குறைந்தால், முந்தைய இரவு அங்கே கண்ட விலங்கின் மேல் பழி விழுந்தது. பசுவின் காம்பைப் பற்றி உறிஞ்சும் அளவுக்கு அதன் வாய் பெரிதல்ல. ஆனாலும் தேவாலயக் கணக்கேடுகளில் முள்ளெலிக்கான செலவு ஆண்டுக்காண்டு தவறாமல் எழுதப்பட்டது. அந்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்த ரோஜர் லவ்க்ரோவ், 2007இல் வெளியான ‘சைலன்ட் ஃபீல்ட்ஸ்’ நூலில் இந்த அழிப்பு எவ்வளவு பரவலாக நடந்தது என்பதைக் காட்டினார். 1863இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் போனபின்னும் கொலை நிற்கவில்லை. செல்வந்தர்களின் வேட்டைக்காக ஃபெசன்ட் கோழிகளையும் கௌதாரிகளையும் வளர்த்த பண்ணைகளில், முட்டை தின்னும் விலங்கு என்று காவலர்கள் அதைப் பொறிவைத்துக் கொன்றனர். இந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. தரையில் கூடு கண்டால் முள்ளெலி முட்டையைத் தின்னும். ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த ரோமானி மக்களுக்கோ அது விருந்து உணவு. களிமண் பூசித் தணலில் சுட்டு, மண்ணை உடைக்கும்போது முட்களும் அதோடு கழன்றுவிடும்.

நகரம் அதை வேறுவிதமாகப் பார்த்தது. லண்டன் வீடுகளின் சமையலறைகளில் கரப்பானும் கருவண்டும் பெருகியபோது, அவற்றைத் தின்பதற்காகவே முள்ளெலியை வாங்கி வளர்த்தார்கள். லண்டன் உழைப்பாளிகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ஹென்றி மேஹ்யூ, தெருவில் முள்ளெலி விற்றுப் பிழைத்தவர்களையும் குறிப்பிடுகிறார். தோட்டக்காரர்களும் நத்தைகளை ஒழிக்க அதை மதில் சூழ்ந்த தோட்டங்களில் விட்டனர். வயலில் கொல்லப்பட்ட அதே காலத்தில், நகரத்து வீட்டில் அது வேலைக்காரனாக நடத்தப்பட்டது. 1905இல் பியட்ரிக்ஸ் பாட்டர் எழுதிய குழந்தைக் கதையின் திருமதி டிக்கி விங்கிள், வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்த சலவைக்கார முள்ளெலி. பாட்டர் தாமே வளர்த்த முள்ளெலியும், அவர் சிறுவயதில் அறிந்த ஸ்காட்லாந்துச் சலவைப் பெண் ஒருவரும் அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி. அந்தக் கதையோடு வளர்ந்த தலைமுறைகளுக்கு முள்ளெலி அன்புக்குரிய உயிராகியது.

நத்தை தின்னும் நண்பன் என்ற பெயர் அதைக் கடல் கடந்தும் கொண்டுசென்றது. 1870களில் தாயகத்து விலங்குகளைக் கொண்டுவந்து குடியேற்றிய சங்கங்கள் அதை நியூசிலாந்துக்குக் கொண்டுபோயின. பின்னர் தோட்டப் பூச்சிகளை அடக்கவும் வரவழைத்தார்கள். தரையில் கூடு கட்டும் பறவைகளும், அரிய அரணைகளும், வேட்டா என்னும் பெரும்பூச்சிகளும் வாழும் அந்நாட்டில் இன்று அது ஒழிக்கப்பட வேண்டிய அயல்விலங்கு. 1974இல் ஸ்காட்லாந்தின் தெற்கு யூஸ்ட் தீவிலும் தோட்டத்து நத்தைகளுக்காகச் சில முள்ளெலிகள் விடப்பட்டன. அவை பெருகி, கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்றன. 2003இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அவற்றைக் கொல்லத் தொடங்கியது. எதிர்ப்பு வலுத்ததால் 2007 முதல் பிடித்துப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய் விடும் முறைக்கு மாறியது.

பெருநிலத்தில் பாதுகாப்பு உணர்வு 1980களில் அமைப்பாகத் திரண்டது. மாடுகள் சாலைக்கு வராமல் தடுக்கும் கம்பிக்குழியில் ஒரு முள்ளெலி சிக்கியிருந்ததைக் கண்ட மேஜர் ஏட்ரியன் கோல்ஸ், அவை ஏறி வெளியேறக் குழிகளில் சாய்வுப் பலகை வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1982இல் அவர் தொடங்கியதே பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம். வீட்டுப் பின்புறத்தில் தட்டில் பாலும் ரொட்டியும் வைக்கும் பழக்கம் அப்போது பரவலாக இருந்தது. பசுவின் பால் முள்ளெலிக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். பால் திருடுகிறது என்று கொன்ற நாட்டில், பால் கொடுத்தே அதற்குத் தீங்கு நேர்ந்தது. தண்ணீரும் இறைச்சி உணவும் வையுங்கள் என்று சங்கம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

2013இல் பிபிசி வைல்ட்லைஃப் இதழின் வாசகர் வாக்கெடுப்பில் பிரிட்டனின் தேசிய உயிரினமாகத் தேர்வானது முள்ளெலி. இதே காலத்தில் அதன் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரிய வயல்களுக்காக உயிர்வேலிகள் பெயர்க்கப்பட்டன. பூச்சிக்கொல்லிகள் அதன் இரையைக் குறைத்தன. சாலைகள் பலரும் அறிந்த மரணக் களமாயின. 2020இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் முள்ளெலி அழிவபாயத்துக்கு ஆளான இனமாகச் சேர்க்கப்பட்டது. 2000க்குப் பிறகு கிராமப்புறங்களில் 30 முதல் 75 விழுக்காடு வரை குறைந்துவிட்டதாகவும், நகரங்களில் சரிவு நின்றிருப்பதாகவும் 2022இன் ஆய்வறிக்கை கூறியது. நத்தைகளைக் கொல்லும் மெட்டால்டிஹைட் குருணைக்கும் அதே ஆண்டு திறந்தவெளியில் தடை வந்தது.

ஓரிரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கும் விலங்குக்கு ஒரே தோட்டம் போதாது. அடைத்துக் கட்டிய வேலிகள் அதன் நிலத்தைத் துண்டுதுண்டாக்குகின்றன. ஆகவே 2011இல் தொடங்கிய ‘ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட்’ இயக்கம், வேலியடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துளையிடும்படி அண்டை வீட்டார்களைக் கேட்டுக்கொள்கிறது. அத்தகைய துளைகளால் புறநகர்த் தோட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்து வருகின்றன. வயல்வெளிகளில் உயிர்வேலிகளையும் பூச்சிவளத்தையும் மீட்டெடுக்கும் பெரிய வேலை இன்னும் நிலவுடைமையாளர்கள் முன்னும் அரசின் முன்னும் இருக்கிறது.