கலவரம் என்னும் சொல்லும் தேக்காவின் ஓர் இரவும்

‘கலவரம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மனம் கலங்குதல் ஒன்று. ஊர் கலங்குதல் மற்றொன்று. சிங்கப்பூரில் வளர்ந்த நம் தலைமுறையினருக்கு இரண்டாம் பொருளே முதலில் நினைவுக்கு வரும். 1964ஆம் ஆண்டைக் கண்டவர்கள் அச்சொல்லை ‘இன’ என்னும் அடையின்றிப் பேசியது அரிது. ஆகவே 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்ததற்கும் அதே சொல் இடப்பட்டபோது, சொல்லோடு பழைய அச்சமும் சேர்ந்தே வந்தது.

கலவரத்திற்குப் பின் விசாரணை ஆணையம் அமைத்துக் காவல்துறையைக் கேள்வி கேட்பது இங்குப் புதிதன்று. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் வழக்கையொட்டி மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர்; 173 பேர் காயமுற்றனர். சர் லயனல் லீச் தலைமையில் அமைந்த ஆணையம், தலைமை அதிகாரிகள் உரிய நேரத்தில் முடிவெடுக்கத் தவறியதைக் கடுமையாகச் சாடியது. கலகத்தை அடக்குவதற்கென்றே தனிப் படைப்பிரிவு 1952இல் உருவாயிற்று. அதன் வழிவந்த சிறப்பு நடவடிக்கைப் படையே 2013இல் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு வந்து கூட்டத்தைக் கலைத்தது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1964இல் இரு முறை கலவரம் மூண்டது. ஜூலையில் 23 பேரும் செப்டம்பரில் 13 பேரும் உயிரிழந்தனர். வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் தோன்றின. அண்டை வீட்டாரே அண்டை வீட்டாரை அமைதிப்படுத்தினர். விடுதலைக்குப் பின் சிறுபான்மையினர் உரிமையை ஆராய 1966இல் அரசமைப்பு ஆணையம் கூடியது. 1970இல் அதிபர் மன்றம் அமைந்தது. 1973 முதல் அது சிறுபான்மையினர் உரிமைக்கான அதிபர் மன்றம் எனப் பெயர் பெற்றது. இவையனைத்தும் குடிமக்களை நோக்கியவை. இன்னொரு நாட்டிலிருந்து உழைக்க வந்து, இரண்டோர் ஆண்டில் திரும்பிச் செல்பவர் எந்தக் குழுவில் அமர்வார்? அன்று அவ்வினா எழவில்லை.

அது எழுந்த இடம் தேக்கா. சிறு மூங்கில்களின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரே தமிழர் நாவில் ‘தேக்கா’ எனத் திரிந்தது. அருகிலுள்ள கெர்பாவ் சாலையின் பெயர் மலாயில் எருமையைக் குறிக்கும். ‘லிட்டில் இந்தியா’ என்பதோ பிற்காலத்தில் சுற்றுலாவை ஒட்டிப் பரவிய பெயர். ஞாயிறு மாலைகளில் அங்குக் கூடும் தொழிலாளிக்கு அது காட்சிப்பொருளன்று. ஊருக்குப் பணம் அனுப்பவும், கறிகாய் வாங்கவும், தன் ஊர்ப் பேச்சைக் கேட்கவும் கிடைத்த ஒரே மாலை அது.

அன்றிரவு ஒன்பதரை மணியளவில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்குமிடத்தில், தமிழகத்திலிருந்து வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி மாண்டார். மீட்புப் பணியாளர்கள் பேருந்து ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் கூட்டத்திடமிருந்து காக்க அவசர மருத்துவ வாகனத்தில் ஏற்றினர். சூழ்ந்து நின்றவர் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது: அடிபட்டவனை விட்டுவிட்டு அடித்தவர்களைக் காப்பாற்றுகிறார்கள். சிக்கியவர் முன்பே இறந்துவிட்டார் என்பதைக் கூட்டத்தில் பலர் அறியார். கற்களும் புட்டிகளும் பறந்தன. வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன, சில எரிந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அடங்கிய அக்கலவரத்தில் காவலர் ஒரு தோட்டாவும் சுடவில்லை. இதை நாம் பெருமையாகவே சொல்வோம்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான நால்வர் குழு 2014 பிப்ரவரி 19ஆம் நாள் பொது விசாரணையைத் தொடங்கிற்று. சிறப்பு நடவடிக்கைப் படை வரும்வரை கூட்டத்தைக் கலைக்க முற்படாது காத்திருந்தது ஏன் என்று களத்தில் பொறுப்பிலிருந்த அதிகாரியைத் தலைவரே வெளிப்படையாக வினவினார். ஆணையர் ங் ஜூ ஹீ, படையில் இன்னும் ஆயிரம் பேர் வேண்டும் என்றார். ஜூன் 30இல் வெளிவந்த அறிக்கை, வேலை நிலையிலும் வாழ்க்கை நிலையிலும் இருந்த மனக்குறை கலவரத்திற்குக் காரணமன்று என்றது. விபத்தையும் மீட்புப் பணியையும் தவறாகப் புரிந்துகொண்டமை, தெருவிலேயே நீதி வழங்கும் எண்ணம், மது ஆகியவற்றைக் காரணங்களாகச் சுட்டியது. தகவல் தொடர்பிலும் களத் தலைமையிலும் இருந்த குறைகளையும் அது மறைக்கவில்லை.

மொழியியலாளர் என்ற முறையில் நம்மை நிறுத்தி வைப்பது அந்தத் ‘தவறான புரிதல்’தான். தக்க வேளையில் தமிழில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் அக்கூட்டத்தைத் தடுத்திருக்கும் எனச் சொல்ல நாம் துணியோம்; மது மிகுந்த இடத்தில் சொல்லுக்கு வலிமை குறைவு. ஆயினும் அதிகாரம் எம்மொழியில் பேசுகிறது, யார் காதில் விழும்படி பேசுகிறது என்பது காவற்பணியின் ஒரு பகுதியே. முதியோர் காவலரை ‘மாத்தா’ என்பர். மலாயில் அது கண். காவல் என்றால் பார்ப்பது என்றே நம் பேச்சுவழக்கு கொண்டிருந்தது. பேசுவதும் அதனுள் அடங்கும் என்பதற்கு அவ்வழக்கில் இடமில்லை.

25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. மேலும் 57 பேர், நீதிமன்ற விசாரணையின்றி, நிர்வாக ஆணையால் நாடு கடத்தப்பட்டனர். பொது விசாரணை தொடங்கியபோது அவர்கள் இந்நாட்டில் இல்லை. அதிகாரிகளைக் கேள்வி கேட்பதில் அக்குழு காட்டிய திறந்த மனம் பாராட்டுக்குரியது. ஆனால் கேட்கப்பட வேண்டியவருள் ஒரு பகுதியினரை முன்னரே அனுப்பிவிட்டு நடத்தும் விசாரணை, எவ்வளவு நேர்மையானதாயினும், முழுமையாகாது என்பதே நம் கருத்து. நம்மோடு உடன்படாத நண்பர்கள் உண்டு. பாதுகாப்பை முன்னிறுத்தும் அவர்தம் வாதத்தையும் நாம் தள்ளுவதில்லை.

பின்பு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1இல் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தத் தீவு முழுதும் தடை. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. அங்கு வார இறுதி முழுவதும் தடை, தண்டனையும் ஒன்றரை மடங்கு. சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை, இடத்தையே குறித்தது. அந்த இடத்தில் ஞாயிறன்று யார் கூடுவர் என்பதை எல்லாரும் அறிவர்.

2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், தேக்கா நிலையத்திற்கு எதிரே ஒரு ஞாயிறு மாலை மாணவர்களை அரை மணி நேரம் நிற்கச் செய்து, அங்குக் கேட்கும் தமிழை எழுதிவரப் பணிக்கலாம்.