எதிர்வழக்குத் தடை நிபந்தனை

உயிலிலோ அறக்கட்டளைப் பத்திரத்திலோ பங்கு பெறுபவர் அந்த ஆவணத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தால் அப்பங்கு அவருக்கு இல்லாமற்போகும் என்று எழுதிவைக்கப்படும் விதி, எதிர்வழக்குத் தடை நிபந்தனை எனப்படும். இது நீதிமன்றத்தின் கதவை அடைப்பதில்லை. உள்ளே சென்றால் நேரக்கூடிய இழப்பைக் காட்டி அச்சுறுத்துகிறது. ஆகவே ஏதேனும் கொடுக்கப்பட்டவரை மட்டுமே இது கட்டும். எதுவும் எழுதிவைக்கப்படாத மகனுக்கோ மகளுக்கோ இழப்பதற்கு ஒன்றுமில்லையாதலால், அவர்களை இது எவ்வகையிலும் தடுக்காது.

கொடையைக் குலைப்பவரை அச்சுறுத்தும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. கோயில் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், அந்த அறத்துக்குக் கேடு செய்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் வீழ்வார் என்ற பொருளில் சாபவாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அறத்துக்குக் கேடு வெளியாரால் மட்டும் வருவதில்லை. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலிலுள்ள, பல்லவ மன்னன் தந்திவர்மனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கோயில் நிலத்தை அங்குப் பொறுப்பிலிருந்தவர்களே ஒற்றி வைத்துவிட்டதையும், அதனால் திருவமுது குறைந்துபோனதையும், புகழ்த்துணை விசையரையன் என்பவர் நிலத்தை மீட்டுத் திருவமுதை முன்போல் நடக்கச் செய்ததையும் தெரிவிக்கிறது. கொடையையே மறுப்பவர் ஒருவர், கொடை நிலைக்கவேண்டும் என்பதற்காக அதன் காவலரைக் கேள்வி கேட்பவர் வேறொருவர்; பிற்காலச் சட்டம் இந்த இருவரையும் பிரித்தறிவதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

இந்த நிபந்தனையின் இன்றைய வடிவம் இங்கிலாந்தில் உருவானது. 1688இல் முடிவான பவல் எதிர் மார்கன் வழக்கில், வழக்காட நியாயமான காரணம் இருந்ததால், உயிலை எதிர்த்தவர் தம் பங்கை இழக்கவில்லை என்று கருதப்பட்டது. அசையும் சொத்தைப் பொறுத்தவரை, பங்கை இழப்பவருக்குப் பதிலாக அதைப் பெறுபவர் யார் என்று உயிலில் குறிப்பிடப்படாவிட்டால் நிபந்தனை வெறும் மிரட்டலே என்ற கொள்கையும் வளர்ந்தது. எனினும் 1846இல் குக் எதிர் டர்னர் வழக்கு, எழுதியவரின் மனநலத்தை மறுக்கக் கூடாது என்ற நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு மாறானதன்று என்று முடிவு செய்தது.

இந்த ஆங்கிலச் சட்டமுறை தமிழகத்துக்கும் வந்தது. மேற்சொன்ன கல்வெட்டுள்ள திருவல்லிக்கேணி, 1676இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் வந்த ஊராதலால், சென்னை நகர நீதிமன்றங்களின் நேரடி அதிகார எல்லைக்குள் அமைந்தது. உயிலை மெய்ப்பித்துச் சான்றளிக்கும் புரொபேட் அதிகாரம் 1726ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி மேயர் நீதிமன்றத்துக்குக் கிடைத்து, 1801இல் சுப்ரீம் கோர்ட்டுக்கும் 1862இல் உயர்நீதிமன்றத்துக்கும் வந்து சேர்ந்தது. 1865ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் பல விதிகளை 1870ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம் சென்னை நகர இந்துக்களுக்கு விரித்தது. இன்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவ்விடத்தில் உள்ளது.

அச்சட்டத்தில் எதிர்வழக்குத் தடைக்கென்று தனிப் பிரிவு இல்லை. 134ஆம் பிரிவு, உறுதியற்ற ஒரு நிகழ்ச்சி நேர்ந்தால் கொடை செயலிழக்கும் என்று நிபந்தனை சேர்ப்பதை அனுமதிக்கிறது. ஆயுட்கால உரிமை பெற்றவர் குறிப்பிட்ட காட்டை வெட்டினால் அவ்வுரிமையை இழப்பார் என்பது அதிலுள்ள எடுத்துக்காட்டு. பதிலாள் ஒருவர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இப்பிரிவு கேட்கவில்லை என்பதால், ஆங்கிலேயரின் மிரட்டல் கொள்கையை அப்படியே இங்குக் கொண்டுவருவது கடினம். 127ஆம் பிரிவோ, சட்டத்துக்கோ ஒழுக்கத்துக்கோ மாறான நிபந்தனையின்மீது எழுந்த கொடையைச் செல்லாததாக்குகிறது. திருவல்லிக்கேணியில் பெருமளவில் வாழும் முஸ்லிம்களிடையே நிலைமை வேறு: ஹனஃபி என்னும் இஸ்லாமியச் சட்ட மரபில், முழுமையான கொடையோடு அதற்கு முரணான நிபந்தனையைச் சேர்த்தால் கொடை நிலைக்கும், நிபந்தனை விழும்.

அறக்கட்டளைகளில்தான் இவ்விதி உண்மையில் ஆபத்தானதாகிறது. உயில் பெரும்பாலும் ஒருமுறை பங்கிட்டதோடு முடிந்துவிடும். அறக்கட்டளையோ தலைமுறைகள் கடந்து நடப்பது, அதன் பணம் வேறொருவர் கையில் இருப்பது. 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம், தனியார் அறக்கட்டளையின் பயனாளிக்குக் கணக்குகளைப் பார்வையிடவும் (பிரிவு 57), அறங்காவலர் தம் கடமையைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தவும் (பிரிவு 61) உரிமை தருகிறது. வாடகை வரவைக் கேட்ட பேரன் பங்கை இழப்பான் என்று பத்திரம் கூறுமானால், அது நிறுவியவரின் விருப்பத்தையன்று, கணக்குக் காட்டாத அறங்காவலரையே காக்கும். 2006இல் கேமன் தீவுகளின் நீதிமன்றம் அறக்கட்டளை ஒன்றிலிருந்த இத்தகைய விதியைச் செல்லும் என்றே ஏற்று, ஆனால் நியாயமற்ற எதிர்ப்புக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சுருக்கிப் படித்தது. இந்தியாவுக்கும் ஏற்ற வழி இதுவே.

பொது அறங்களில் இத்தடைக்கு இடமே இல்லை. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் உயிலில் விட்டுச்சென்ற தர்மப் பணம் முறைகேட்டில் சிக்கியபோது, அரசுத் தலைமை வழக்கறிஞர் சுப்ரீம் கோர்ட்டில் நடத்திய வழக்கால்தான் அது மீண்டு, 1842இல் பள்ளியாகியது. இன்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, அட்வகேட் ஜெனரலோ, நீதிமன்ற அனுமதி பெற்ற, அவ்வறத்தில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவரோ வழக்குத் தொடர வழிசெய்கிறது.

எந்தச் செயல் ‘எதிர்ப்பு’ ஆகும் என்பதே நடைமுறையில் எஞ்சும் சிக்கல். புரொபேட் மனுவுக்கு உறவினர் ஒருவர் கேவியட் என்னும் முன்னெச்சரிக்கை மனுவைத் தாக்கல் செய்து மறுத்தால், சென்னை உயர்நீதிமன்றத்தில் அது உயில் வழக்காக, அதாவது டி.ஓ.எஸ். என்ற எண்ணோடு மாற்றப்படுகிறது. உயிலைச் சுற்றியுள்ள ஐயங்களை அகற்றும் பொறுப்பு அதை முன்வைப்பவருடையதே என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருப்பதால், சாட்சிகளை விசாரித்து உயிலை மெய்ப்பிக்கக் கேட்பதை மட்டும் எதிர்ப்பாகக் கொள்வது முறையாகாது. உயில் பொய் என்று தீர்ப்பானால் நிபந்தனையும் அதோடு வீழ்ந்துவிடும். ஆகவே, எதிர்த்துத் தோற்றவர்மேல் மட்டுமே அது பாயும், அவர் நல்லெண்ணத்தோடு எதிர்த்தாரா என்பது அப்போதுதான் ஆராயப்படவேண்டிய கேள்வியாகும்.