உடைந்த தெர்மாமீட்டரும் தென்னாற்காட்டு அவுரியும்

விருத்தாசலம் பீங்கான் கடைகள் பக்கம் போயிருக்கீங்களா? பொம்மை, அகல் விளக்கு, கரண்ட் ஃபியூஸ் கட்டைனு அடுக்கி வச்சிருப்பாங்க. பீங்கான் மேல பூசுற நீலம் பொதுவா கோபால்ட். உலோகத்திலிருந்து வர்றது, சூளைச் சூட்டைத் தாங்கும். இன்னைக்குப் பேசப்போறது சூளையில வச்சா கருகிப்போற இன்னொரு நீலம்.

1993 வரைக்கும் விருத்தாசலம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், மதராஸ் மாகாணத்தில் அவுரி நிறைய விளைந்த பகுதிகளில் அந்த மாவட்டமும் ஒன்று. பக்கத்திலேயே பாண்டிச்சேரி. அங்கே நீலம் தோய்த்த துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: அவுரி இலையில் நீலமே கிடையாது. இருப்பது இண்டிகன், அதாவது சர்க்கரை ஒட்டிய ஒரு மூலக்கூறு. இலையைத் தொட்டியில் ஊறப்போட்டால் புளித்து, சர்க்கரை கழன்று, இண்டாக்சில் வரும். அப்புறம் ஆட்கள் தண்ணிக்குள்ள இறங்கி அடி அடினு அடிப்பாங்க. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டு இண்டாக்சில் சேர்ந்து இண்டிகோ ஆகி, அடியில் படியும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் 'வினைச்செயல் தொகுதி'னு படிச்சோமே, அதை மாத்துற வேலைதான் இது. பேர் தெரியாமலேயே செஞ்சாங்க.

இப்போ ஐரோப்பாவுக்குப் போவோம். 1840 வாக்கில் ஃபிரிட்சே என்ற வேதியியலாளர் இண்டிகோவைக் காரத்தோடு சூடாக்கி உடைத்தார். கிடைத்த பொருளுக்கு அவர் வைத்த பெயர் அனிலின். 'அனில்' என்பது அவுரிச் செடிக்கான போர்த்துகீசியப் பெயர். அது அரபி வழியாக வந்தது, அதற்கும் நம்ம 'நீலம்' என்ற சொல்லுக்கும் ஒரே வேர். இண்டிகோவை உடைத்ததில் கிடைத்த இன்னொன்று ஆந்த்ரனிலிக் அமிலம். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

பேயர் 1880இல் இண்டிகோவை ஆய்வகத்தில் உருவாக்கினார், 1883இல் அதன் அமைப்பையும் சொன்னார். ஆனா அந்த வழியில் செலவு கட்டுப்படியாகலை. 1890இல் ஹாய்மான் ஒரு யோசனை சொன்னார்: உடைத்தால் ஆந்த்ரனிலிக் அமிலம் வருதுன்னா, அதிலிருந்தே திரும்பக் கட்டலாமே?

சரி, அந்த அமிலத்துக்கு எங்கே போறது? பாஸ்ஃப் கம்பெனி பிடித்தது நாஃப்தலீனை, அதாவது பாச்சா உருண்டை. தாரிலிருந்து மலிவா கிடைக்கும். அதை ஆக்சிஜனேற்றம் செய்து தாலிக் அன்ஹைட்ரைடு ஆக்கணும், அதுதான் நகரலை. அப்போ கந்தக அமிலத்தில் சூடாக்கும்போது ஒரு தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் உள்ளே விழுந்ததாம். வினை வேகமெடுத்தது. பாதரசம்தான் வினையூக்கி!

அதன் பிறகு அம்மோனியா சேர்த்து இமைடு. அடுத்தது ஹாஃப்மன் வினை: அமைடிலிருந்து ஒரு கார்பன் கழன்று போக, நைட்ரஜன் நேரா வளையத்தோடு ஒட்டி அமீன் ஆகும். ஆந்த்ரனிலிக் அமிலம் கையில! எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான். ஒவ்வொரு படியிலும் மூலக்கூறின் ஒரு மூலை மட்டும்தான் மாறுது.

1897இல் பாஸ்ஃப் இண்டிகோ சந்தைக்கு வந்தது. அப்போது உலகத்தில் செடியிலிருந்து எடுத்தது சுமார் 19,000 டன். 1914இல் சுமார் 1,000 டன்.

பீகாரில் அவுரி என்றால் வெள்ளைத் தோட்டக்காரர்களின் கொடுமை. 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனது அதனால்தான். அது ஒழிஞ்சது நல்லதுன்னு சொல்லலாம். ஆனா தெற்கே பெரும்பாலும் விவசாயிகளே விதைச்சு, ஊர்த் தொட்டிகளிலேயே சாயம் எடுத்தாங்க. சக்கை நெல் வயலுக்கு எருவாச்சு. அவங்களுக்குப் போனது கைக்காசு. முதல் உலகப்போரில் ஜெர்மன் சரக்கு நின்னதும் அவுரிக்குக் கொஞ்ச நாள் உயிர் வந்தது, அப்புறம் மறுபடி சரிவுதான். திண்டிவனம் பக்கம் இப்பவும் அவுரி உண்டு, தலைச்சாயப் பொடிக்கும் போகுது.

உங்க ஜீன்ஸில் இருப்பது பெரும்பாலும் ஆலை இண்டிகோ, இப்போ அனிலினிலிருந்தே செய்றாங்க. ஆனா அதுவும் தண்ணியில கரையாது. நம்ம சாயக்காரர்கள் தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுத் தாழியைப் புளிக்க வச்சு, நீலத்தை மஞ்சள் கலந்த பச்சையாக்கிக் கரைப்பாங்க. ஆலையில் அதே வேலையைச் சோடியம் டைதயோனைட் செய்யுது. துணியை வெளியே எடுத்துக் காற்றுப்பட விட்டால், இரண்டிலும் கண்ணு முன்னாடியே நீலம் ஏறும்.